அத்தியாயம் 9: ‘பிக் அப்’ – துணைச் சொல்லைப் பாருங்கள், பொருள் புரியும்

சென்னையில் பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர் வாயிலும் ‘பிக்கப்’ புழங்குகிறது. “பிக்கப் எங்க சார், டெர்மினஸா, சர்ச்சா?” என்று கால் டாக்சி ஓட்டுநர் போனில் கேட்கிறார். “வண்டியில பிக்கப்பே இல்லண்ணா, ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கு” என்கிறார் மெக்கானிக். “அஞ்சு மணிக்கு மேலதாங்க வியாபாரம் பிக்கப் ஆவும்” என்கிறார் எலியட்ஸ் கடற்கரையில் மிளகாய் பஜ்ஜி போடுபவர். முதலாமவர் சொல்வது ஆளை ஏற்றிக்கொள்ளும் இடத்தை, அடுத்தவர் சொல்வது வேகத்தை, மூன்றாமவர் சொல்வது வியாபாரம் சூடுபிடிப்பதை. சொன்னவர்களுக்கும் குழப்பமில்லை, கேட்டவர்களுக்கும் குழப்பமில்லை.

அதே சொல் ஆங்கில வாக்கியத்துக்குள் வந்தால் மட்டும் தடுமாறுகிறோம். அகராதியைத் திறந்தால் பொருள்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் நான்காவதோடு அலுப்புத் தட்டிவிடுகிறது. அந்த வரிசையை நெட்டுருப் போடாமலே ‘பிக் அப்’பைக் கையாளும் வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது. எடுத்துக்காட்டுகள் அனைத்தும் பெசன்ட் நகரைச் சுற்றியே வரும். பேருந்து நிலையம், கடற்கரை, மாதா கோயில், பள்ளிக்கூடம், மீனவர் குப்பம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஊர் அது. நீங்கள் வேறு ஊர்க்காரர் என்றால் உங்கள் தெருவை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதற்காகத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம்.

1. எங்கே இடறுகிறது?

‘பிக்’, ‘டேக்’, ‘புட்’, ‘கெட்’ போன்ற சின்ன வினைகளோடு ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’, ‘ஆன்’ போன்ற குட்டிச் சொற்கள் சேரும்போது புதுப் பொருள் பிறக்கிறது. இந்தச் சேர்க்கைக்கு ஆங்கிலத்தில் ‘ப்ரேசல் வெர்ப்’ என்று பெயர். லோகன் பியர்சல் ஸ்மித் 1925-இல் வெளியிட்ட நூலில்தான் இந்தப் பெயர் அச்சேறியது. பெயர்தான் புதிது, சிக்கல் பழையது. 1755-இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வெளிநாட்டார் ஆங்கிலம் கற்கும்போது மிகவும் திணறுவது இத்தகைய சேர்க்கைகளில்தான் என்று அதன் முன்னுரையிலேயே குறித்திருக்கிறார். ஆகவே உங்களுக்கு இது கடினமாக இருந்தால் உங்கள் அறிவில் குறை ஏதும் இல்லை.

2. ‘எடு’ தெரிந்தவருக்கு ‘பிக் அப்’ தெரியும்

தமிழில் ‘எடு’ என்ற வினையைப் பாருங்கள். பசி எடுக்கிறது. மகள் கணக்கில் தொண்ணூறு மார்க் எடுத்தாள். கணவர் லீவு எடுத்தார். டாக்டர் பல்லை எடுத்தார். மணியடித்தால் போனை எடுக்கிறோம். ரயில் வேகம் எடுக்கிறது. பாம்பு படம் எடுக்கிறது, இயக்குநரும் படம் எடுக்கிறார்.

இத்தனை பொருளையும் நாம் பட்டியல் போட்டுப் படித்ததில்லை. ‘எடு’வுக்கு முன்னால் நிற்கும் பெயர்ச்சொல்லைக் கேட்டதுமே பொருள் விளங்கிவிடுகிறது. பசி என்றதும் ஒரு பொருள், மார்க் என்றதும் இன்னொரு பொருள். பாம்பா, இயக்குநரா என்று எழுவாயைப் பார்த்தும் முடிவு செய்கிறோம்.

‘பிக் அப்’பும் இப்படித்தான் இயங்குகிறது. அதோடு வரும் பெயர்ச்சொல்லே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. போன் வந்தால் ஒரு பொருள், குழந்தை வந்தால் ஒரு பொருள், மொழி வந்தால் ஒரு பொருள், பில் வந்தால் ஒரு பொருள். அதனால் ‘பிக் அப்’ என்று தனியாக எழுதிவைத்து, எதிரே பத்துப் பொருள் எழுதாதீர்கள். ‘பிக் அப் த போன்’, ‘பிக் அப் ஸ்பீட்’, ‘பிக் அப் எ லாங்குவேஜ்’ என்று துணைச் சொல்லோடு சேர்த்தே எழுதுங்கள், சேர்த்தே சொல்லுங்கள். இந்த அத்தியாயத்தின் சாரம் இதுதான்.

3. ‘பிக்’ வேறு, ‘பிக் அப்’ வேறு

பெசன்ட் நகரின் பழைய வீடுகள் சிலவற்றின் வாசலில் பவழமல்லி மரத்தை இன்றும் பார்க்கலாம். இரவில் பூத்து விடியலில் உதிரும் பூ அது. காலையில் கோலம் போட வருபவர், தரையில் கிடக்கும் பூக்களை முதலில் பொறுக்கி எடுப்பார். அது ‘பிக் அப்’. அதே கையோடு பக்கத்துச் செடியிலிருந்து நந்தியாவட்டையைப் பறிப்பார். அது வெறும் ‘பிக்’.

செடியில் இருப்பதைப் பறிப்பது: “ஷி பிக்ஸ் ஃப்ளவர்ஸ்.”
கீழே கிடப்பதை எடுப்பது: “ஷி பிக்ஸ் அப் த ஃப்ளவர்ஸ்.”

‘பிக்’ தனியாக வந்தால் பறி, தேர்ந்தெடு என்று பொருள். “பிக் எ கலர்” என்றால் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடு. திருவிழாக் கூட்டத்தில் நாம் அஞ்சும் பிக்பாக்கெட்டும் இந்தக் குடும்பம்தான். ‘அப்’ சேர்ந்தால் கீழிருந்து மேலே தூக்குவது அடிப்படைப் பொருள். கடற்கரை மணலில் குழந்தைகள் சிப்பி பொறுக்குவது ‘பிக் அப்’. அழுகிற குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வதும் ‘பிக் அப்’. மற்றப் பொருள்களில் பெரும்பாலானவை இந்தத் தூக்குதலிலிருந்து கிளைத்தவையே.

4. துணைச் சொற்களும் பொருள்களும்

*ஆள் வந்தால்: ஏற்றிக்கொள்*

“ஐ வில் பிக் யூ அப் அட் சிக்ஸ்.” ஆறு மணிக்கு வந்து உன்னை வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன். பள்ளி விட்டதும் பிள்ளையை அழைத்துவரப் போகும் தாய் சொல்வது: “ஐ ஹேவ் டு பிக் அப் மை சன் ஃப்ரம் ஸ்கூல்.” பேருந்துக்கும் இதே வினைதான். பெசன்ட் நகரிலிருந்து பெரம்பூர் போகும் 29சி வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்களை ஏற்றுகிறது: “த பஸ் பிக்ஸ் அப் பாசெஞ்சர்ஸ் அட் எவ்ரி ஸ்டாப்.”

கடலில் தத்தளிப்பவரைப் படகோ ஹெலிகாப்டரோ வந்து ஏற்றினாலும் இந்த வினை வரும்: “எ ஃபிஷிங் போட் பிக்ட் தெம் அப்.” எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் வெள்ளை நினைவுச் சின்னம், 1930-இல் நீரில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டுக்கு எழுப்பியது. அவர் செய்ததைச் சொல்ல ‘பிக் அப்’ போதாது. உயிரைக் காப்பாற்றுவதற்கு ‘சேவ்’ அல்லது ‘ரெஸ்க்யூ’. தண்ணீரிலிருந்து வண்டிக்கோ படகுக்கோ ஏற்றும் செயலை மட்டுமே ‘பிக் அப்’ குறிக்கும்.

*சாமான் வந்தால்: வாங்கி வா*

“வர்ற வழியில ரெண்டு பாக்கெட் பால் வாங்கிட்டு வந்துடுங்க” என்று மனைவி போனில் சொல்வது ஆங்கிலத்தில் “ப்ளீஸ் பிக் அப் சம் மில்க் ஆன் த வே”. போகிற போக்கில், வேறு வேலைக்கு நடுவே வாங்குவது என்ற தொனி இதில் இருக்கிறது. கல்யாணப் பட்டு எடுக்க நாள் பார்த்து, குடும்பத்தோடு தி.நகர் போவதற்கு இது பொருந்தாது. அதற்கு ‘பை’ போதும். தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கி வருவதும், கூரியர் அலுவலகத்தில் பார்சலைப் பெற்றுக்கொள்வதும் ‘பிக் அப்’தான்.

*போன் வந்தால்: எடு*

“ஹி டிடின்ட் பிக் அப் த போன்.” இங்கே தமிழும் ஆங்கிலமும் ஒன்றாகவே நடக்கின்றன. போனை எடுக்கிறோம் என்று நாமும் சொல்கிறோம்.

*வேகம், காற்று, வியாபாரம், உடம்பு வந்தால்: கூடு, தேறு*

“த டிரெயின் பிக்ட் அப் ஸ்பீட்.” ரயில் வேகம் எடுத்தது. கோடையில் சென்னைவாசிகள் காத்திருப்பது மதியக் கடற்காற்றுக்கு. நிலம் சூடேற ஏற, கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று கரைக்குள் வருகிறது. அது வரத் தாமதமாகும் நாளில் வெயில் தகிக்கிறது. அந்தக் காற்று வலுப்பதைச் சொல்வது: “த சீ ப்ரீஸ் பிக்ஸ் அப் ஆஃப்டர் நூன்.”

பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத் திருவிழா ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் நிறைவடைகிறது. அந்த நாட்களில் மெழுகுவத்திக் கடை, பூக்கடை, டீக்கடை எல்லாவற்றிலும் வியாபாரம் ஏறும்: “பிசினஸ் பிக்ஸ் அப் ட்யூரிங் த ஃபெஸ்டிவல்.” காய்ச்சலில் கிடந்தவர் தேறிவருவதும் இதே வகை: “ஹர் ஹெல்த் இஸ் பிக்கிங் அப்.” காற்று, வியாபாரம், உடம்பு இம்மூன்றும் தாமாகவே கூடுகின்றன. யாரும் அவற்றைத் தூக்குவதில்லை. அதனால் வாக்கியத்தில் அவையே எழுவாயாக முன்னால் நிற்கும், ‘பிக் அப்’புக்குப் பின்னால் பெயர்ச்சொல் வேண்டியதில்லை.

*மொழி, பழக்கம், வித்தை வந்தால்: கேட்டும் பார்த்தும் கற்றுக்கொள்*

இந்தப் பொருளில்தான் நுணுக்கம் அதிகம். கொஞ்சம் நின்று பாருங்கள்.

வடமாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்து கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளில் நிற்கும் இளைஞர்களைக் கவனித்திருப்பீர்கள். வந்த புதிதில் கையைக் காட்டித்தான் பேசுவார்கள். சில மாதம் போனதும் “இங்க சாப்பிடவா, பார்சலா அக்கா?” என்று கேட்கிறார்கள். வகுப்புக்குப் போகவில்லை, அரிச்சுவடி பிடிக்கவில்லை. கல்லாவில் இருப்பவரும் வாடிக்கையாளரும் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில்: “ஹி பிக்ட் அப் டமில் அட் வொர்க்.” ஆசிரியரும் பாடத்திட்டமும் இல்லாமல் புழக்கத்திலேயே வந்த அறிவு என்பதை இந்த இரண்டு சொல்லும் சேர்ந்து சொல்லிவிடுகின்றன.

முறையாகக் கற்பதற்கு இதைச் சொன்னால் அந்த உழைப்பைக் குறைத்துச் சொன்னதாகிவிடும். பெசன்ட் நகரை ஒட்டியே திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா இருக்கிறது. 1936-இல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாறில் தொடங்கிய நிறுவனம் அது. 1904-இல் பிறந்த அவர் முப்பது வயதை ஒட்டித்தான் பரதத்துக்கு வந்தார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் முறையாகப் பயின்று 1935-இல் பிரம்மஞான சபையில் மேடையேறினார். இதை “ஷி பிக்ட் அப் பரதநாட்டியம்” என்று எழுதினால் எங்கோ பார்த்து ஆடக் கற்றுக்கொண்டார் என்று ஆகிவிடும். அவர் நடனத்தைக் கையிலெடுத்தார் என்பதற்கு “ஷி டுக் அப் டான்ஸ்”. ஆசானிடம் பயின்றார் என்பதற்கு “ஷி லேர்ன்ட்” அல்லது “ஷி டிரெயின்ட்”.

மூன்றையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியைத் தொடங்குவது ‘டேக் அப்’. முறையாகப் பயில்வது ‘லேர்ன்’. புழக்கத்தில் ஒட்டிக்கொள்வது ‘பிக் அப்’. கெட்ட பழக்கமும் புழக்கத்தில் ஒட்டுவதுதான்: “ஹி பிக்ட் அப் த ஹாபிட் ஃப்ரம் ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ்.”

*தடம், ஒலி, சிக்னல் வந்தால்: கண்டுபிடி, உணர்*

ஜனவரி முதல் பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி. 1988-இல் உருவான மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தொண்டர்கள் பருவம் முடியும்வரை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கி இரவில் மணல்வெளியில் நடக்கிறார்கள். அவர்கள் தேடுவது தடத்தை. அலை தொட்டுப் போன ஈர மணலில் ஆமையின் துடுப்புக்கால்கள் இடமும் வலமுமாக மாறி மாறிப் பதிந்திருக்கும். கண்ணில் பட்டதும் அதைப் பிடித்துக்கொண்டே மேட்டுக்கு ஏறுவார்கள். தடம் கலைந்து மணல் கிளறிக் கிடக்கும் இடத்தில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். மணல் இளகிக் கொடுக்கும் இடத்தில் குழி இருக்கிறது என்று பொருள். நூறைத் தாண்டியும் முட்டைகள் இருக்கும். அவற்றை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில் குழி தோண்டி வைக்கிறார்கள்.

தடத்தைக் கண்டு அதைப் பின்தொடர்வது ‘பிக் அப் த டிரெயில்’. “த வாலன்டியர்ஸ் பிக்ட் அப் த டிரெயில் நியர் த வாட்டர்.” துப்பறியும் நாய் மோப்பம் பிடிப்பதும் இப்படித்தான்: “த டாக் பிக்ட் அப் த சென்ட்.” பொரித்த குஞ்சுகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம் தூக்குவது என்ற அடிப்படைப் பொருளில் வரும்: “டோன்ட் பிக் தெம் அப்.” தூக்காதே, அதுவாகக் கடலுக்குப் போகட்டும்.

கருவிகளும் ‘பிக் அப்’ செய்கின்றன. ரேடியோ அலையைப் பிடிக்கிறது, மைக் குரலைப் பிடிக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று காலை ஆறரை மணிக்குச் சற்று முன் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. உலகெங்கும் நிலநடுக்கமானிகள் அதைப் பதிவு செய்தன: “சீஸ்மோமீட்டர்ஸ் பிக்ட் அப் தி எர்த்குவேக்.” ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு எதுவும் அப்போது இல்லை. சுனாமி அலை இங்குள்ள குப்பங்களுக்குள்ளும் புகுந்தது. 2007-இல்தான் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. கருவி உணர்வது ‘பிக் அப்’, மக்களுக்குச் சொல்வது ‘வார்ன்’. முன்னது மட்டும் நடந்து பின்னது நடக்காமல் போனதால் எத்தனை உயிர் போயிற்று என்பது நமக்குத் தெரியும்.

ஒருவர் வாய்திறந்து சொல்லாததை முகக்குறிப்பிலிருந்து நாம் உணர்ந்தால் இன்னொரு குட்டிச் சொல்லும் சேரும்: “ஷி பிக்ட் அப் ஆன் ஹிஸ் வொர்ரி.” அவன் கவலையை அவள் கண்டுகொண்டாள்.

*நோய் வந்தால்: தொற்றிக்கொள்*

“ஹி பிக்ட் அப் மெட்ராஸ் ஐ அட் ஸ்கூல்.” பள்ளிக்கூடத்திலிருந்து கண்வலியை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டான். சளி, வயிற்றுப்போக்கு போன்று எங்கேயோ தொற்றியவற்றுக்கு இது பொருந்தும். சர்க்கரை நோய் தொற்றுவதில்லை, அதனால் அதற்கு வராது.

*பில் வந்தால்: நான் கொடுத்துவிடுகிறேன்*

ஓட்டலில் எல்லோருக்கும் சேர்த்துப் பணம் கட்ட முன்வருபவர் சொல்வது: “லெட் மீ பிக் அப் த பில்.” தரையில் விழுந்த ரசீதை எடுத்துத் தருகிறார் என்று எண்ணிவிட வேண்டாம்.

*விட்ட இடம் வந்தால்: தொடர்*

பிரம்மஞான சபையின் தலைமையகம் 1882-இல் அடையாறுக்கு வந்தது. அதன் நிறுவனர்-தலைவர் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1907-இல் காலமானார். அதே ஆண்டு அன்னி பெசன்ட் தலைவரானார், 1933-இல் இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். பெசன்ட் நகர் தாங்கியிருப்பது அவர் பெயரைத்தான். ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்வதை ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள்: “பெசன்ட் பிக்ட் அப் வேர் ஆல்காட் லெஃப்ட் ஆஃப்.” நேற்று பாதியில் நின்ற பாடத்தை இன்று தொடரும் ஆசிரியர்: “லெட் அஸ் பிக் அப் வேர் வி லெஃப்ட் ஆஃப்.”

*குப்பை வந்தால்: அள்ளு, ஒழுங்குபடுத்து*

ஞாயிறு காலையில் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கும் தொண்டர்கள் செய்வது ‘பிக் அப் லிட்டர்’. நாயோடு நடைக்குப் போகிறவர் அதன் கழிவை அள்ளுவதற்கு ‘பிக் அப் ஆஃப்டர் யுவர் டாக்’. இந்த ‘ஆஃப்டர்’ முக்கியம். அது விட்டுப்போனால் நாயையே தூக்கச் சொன்னதாகிவிடும்.

*கவனம் தேவைப்படும் இடம்*

“த போலீஸ் பிக்ட் ஹிம் அப்” என்றால் நாம் “போலீஸ் தூக்கிட்டாங்க” என்பதேதான். முன்பின் அறியாத ஒருவரோடு தவறான நோக்கத்தில் பழக்கம் பிடிப்பதற்கும் ‘பிக் அப்’ உண்டு. “ஐ பிக்ட் அப் எ வுமன் அட் த பீச்” என்று ஒருவர் மொட்டையாகச் சொன்னால் கேட்பவர் முகம் மாறும். உறவையும் வேலையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: “ஐ பிக்ட் அப் மை சிஸ்டர் ஃப்ரம் த பீச்.” சிக்கல் தீர்ந்தது.

5. மூன்று விதிகள்

முதல் விதி: ‘இட்’, ‘ஹிம்’, ‘ஹர்’, ‘தெம்’, ‘மீ’, ‘யூ’ ஆகியவை நடுவில்தான் உட்காரும். ‘பிக் இட் அப்’ சரி, ‘பிக் அப் இட்’ தவறு. முழுப் பெயர்ச்சொல் பெரும்பாலும் இரண்டு இடத்திலும் வரும்: ‘பிக் அப் த பார்சல்’, ‘பிக் த பார்சல் அப்’. ‘பிக் அப் ஸ்பீட்’, ‘பிக் அப் வேர்’ இரண்டையும் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் விதி: காலம் காட்டுவது ‘பிக்’ மட்டுமே. பிக்ஸ் அப், பிக்ட் அப், பிக்கிங் அப். ‘அப்’ ஒருபோதும் மாறாது.

மூன்றாம் விதி: வினையாக வரும்போது இரண்டு சொல், அழுத்தம் ‘அப்’பில். பெயர்ச்சொல்லாக வரும்போது ஒரே சொல், அழுத்தம் ‘பிக்’கில். “பிக்கப் பாயின்ட்” என்பதைச் சொல்லிப் பாருங்கள், பிறகு “பிக் மீ அப்” என்று சொல்லிப் பாருங்கள். வேறுபாடு காதிலேயே கேட்கும்.

6. நம்மூரில் அடிக்கடி வரும் தவறுகள்

“பிக் மீ அட் த டெர்மினஸ்.” ‘அப்’ இல்லாததால் ‘என்னைத் தேர்ந்தெடு’ என்றாகிவிடுகிறது. சரி: “பிக் மீ அப் அட் த டெர்மினஸ்.” சென்னை ஆங்கிலத்தில் அடிக்கடி காதில் விழும் தவறு இது.

“ஹி இஸ் நாட் பிக்கிங் மை கால்.” ‘போன் பிக் பண்ண மாட்டேங்கறான்’ என்ற பேச்சு அப்படியே ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. சரி: “ஹி இஸ் நாட் பிக்கிங் அப்” அல்லது “ஹி இஸ் நாட் ஆன்சரிங் மை கால்.”

“ஹி பிக்ட் அப் எ ஃபைட்.” வம்புக்கு இழுப்பதற்கு ‘அப்’ வராது. சரி: “ஹி பிக்ட் எ ஃபைட்.”

“பிசினஸ் காட் பிக்கப்.” ‘பிக்கப் ஆச்சு’ என்பதன் தாக்கம். சரி: “பிசினஸ் பிக்ட் அப்.”

“மை பைக் ஹேஸ் நோ பிக்கப்.” நம் ஊர் மெக்கானிக்குக்குப் புரியும், வெளியூரில் புரியாமல் போகலாம். “மை பைக் டஸ்ன்ட் பிக் அப் ஸ்பீட்” எங்கேயும் செல்லும்.

7. எழுத்தில் எப்போது தவிர்க்கலாம்?

‘பிக் அப்’ பேச்சுக்கும் நண்பர்களுக்கு எழுதும் மடலுக்கும் உரியது. அலுவலகக் கடிதத்திலும் தேர்வுக் கட்டுரையிலும் அதே பொருளுக்கு வேறு வினைகள் உண்டு. பார்சலைப் பெற்றுக்கொள்ள ‘கலெக்ட்’. திறமையைப் பெற ‘அக்வயர்’. கருவி கண்டறிய ‘டிடெக்ட்’. நோய் தொற்ற ‘கான்ட்ராக்ட்’. வியாபாரம் தேற ‘இம்ப்ரூவ்’. விட்டதைத் தொடர ‘ரெஸ்யூம்’. செலவை ஏற்க ‘பே’. இந்த வினைகள் உண்டு என்பதற்காகப் பேச்சிலும் இவற்றையே போட வேண்டாம். மனைவியிடம் “ஐ வில் கலெக்ட் யூ” என்று சொன்னால் பார்சலை வாங்க வருவதுபோல் இருக்கும்.

8. பயிற்சி

கீழ்க்கண்டவற்றை ‘பிக்’ அல்லது ‘பிக் அப்’ கொண்டு ஆங்கிலத்தில் சொல்லுங்கள். துணைச் சொல் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

1. அஷ்டலட்சுமி கோயில் வாசலில் என்னை ஏற்றிக்கொள்.
2. சாவி கீழே கிடக்கிறது, அதை எடு.
3. பாட்டி செடியிலிருந்து பூப் பறிக்கிறார்.
4. சாயங்காலமானால் காற்று வலுக்கும்.
5. அவள் பக்கத்து வீட்டாரிடமிருந்து தெலுங்கைக் கற்றுக்கொண்டாள். (வகுப்புக்குப் போகவில்லை.)
6. இந்த ரேடியோ கொழும்பு நிலையத்தைப் பிடிக்கிறது.
7. நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்.

விடைகள்:

1. பிக் மீ அப் அட் த டெம்பிள் என்ட்ரன்ஸ்.
2. த கீ இஸ் ஆன் த ஃப்ளோர், பிக் இட் அப்.
3. கிராண்ட்மா இஸ் பிக்கிங் ஃப்ளவர்ஸ். (‘அப்’ இல்லை.)
4. த விண்ட் பிக்ஸ் அப் இன் தி ஈவ்னிங்.
5. ஷி பிக்ட் அப் தெலுங்கு ஃப்ரம் ஹர் நெய்பர்ஸ்.
6. திஸ் ரேடியோ பிக்ஸ் அப் கொலம்போ.
7. லெட் அஸ் பிக் அப் வேர் வி லெஃப்ட் ஆஃப் எஸ்டர்டே.

ஐந்துக்கு மேல் சரியாக வந்தால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம். குறைந்தால் நான்காம் பகுதியை மட்டும் இன்னொரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.

இனி ஆங்கில நாளிதழிலோ படத்திலோ பேச்சிலோ ‘பிக் அப்’ வரும்போது உடனே அகராதிக்கு ஓடாதீர்கள். எதை என்று கேளுங்கள், எது என்று கேளுங்கள். விடையாக வரும் பெயர்ச்சொல்லோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளுக்கு ஒன்று போதும். ‘டேக் ஆஃப்’, ‘புட் அப்’, ‘கெட் ஓவர்’ என்று இனி வரும் அத்தியாயங்களில் பார்க்கப்போகும் அத்தனை வினைக்கும் இந்த ஒரே வழிதான். ‘எடு’, ‘போடு’, ‘பிடி’, ‘அடி’ என்ற வினைகளைச் சிறு வயதிலேயே பிழையில்லாமல் கையாண்டவர் நீங்கள். அதே திறமை ஆங்கிலத்துக்கும் போதும், தயங்காமல் பேசத் தொடங்குங்கள்.